இலந்தை மரத்து இரும்பு வளையம்

அரபு அமீரகத்தில், ராஸ் அல் கைமாவை ஒட்டிய பேரீச்சந் தோட்டம் அது. தண்ணீர்க் குழாய்க்கு வழிவிட ஒரு கிழட்டு இலந்தை மரத்தை வெட்ட வேண்டியிருந்தது. 2004, மே மாத வெயில். ரம்பம் வைக்கப் போன தமிழ்நாட்டுக் கூலியாள் சோலையப்பன், தலைக்கு மேலே பட்டைக்குள் பாதி புதைந்திருந்த இரும்பு வளையத்தைக் கண்டதும் ரம்பத்தைக் கீழே போட்டார்.

"பெரியவரே, அதைப் பிடுங்கிட்டு அறுங்க. துண்டு போடும்போது ரம்பப் பல்லு போயிரும்," என்றான் ஃபோர்மேன் லுக்மான்.

"மாட்டேன். எங்க பக்கம் பேயை இப்படித்தான் மரத்துல அறைவாங்க. இரும்பை எடுத்தா, எடுத்தவன் மேல ஏறிக்கும்."

"விசா இல்லாம எப்படிய்யா ஏறும்? மதியத்துக்குள்ள மரம் விழலைன்னா உம்மத்தான் பிளேன் ஏத்துவாங்க. யல்லா, சீக்கிரம்!"

சோலையப்பன் யார் சொல்லையும் லேசில் நம்புகிறவர் இல்லை. ஆனால் விஷயம் தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. பேய் ஆணா, பெண்ணா? அறைந்தது யார்? வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த ஜுமாவிடம் போய்க் கேட்டார். ஜுமா அந்தத் தோட்டத்திலேயே பிறந்த கறுப்பினக் கிழவர். இருவருக்கும் பொதுவாக ஓட்டை இந்தி இருந்தது.

"பேய் இல்ல பாய். எங்க அப்பாவைக் கட்டின வளையம்," என்றார் ஜுமா. "அவரைச் சின்ன வயசுல ஆப்பிரிக்காவுல பிடிச்சு இங்க வித்துட்டாங்க. கீழ விழுந்த பேரீச்சம்பழத்தைத் தின்னா எஜமான் இதுல கட்டி, ஈச்ச மட்டையால அடிப்பான்."

"கீழ கிடந்த பழத்துக்கா? கதை விடாதே."

"அவர் மணிக்கட்டுத் தழும்பை நான் தொட்டுப் பார்த்திருக்கேன்."

அப்போதும் சோலையப்பன் நம்பவில்லை. இவ்வளவு உயரத்திலா கட்டுவார்கள்? மரத்தடிக்குப் போய், முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் வளையத்துக்கு நீட்டினார். குதிகால் தரையை விட்டு எழும்பியது. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கையை இறக்கி, பின்னாலேயே வந்த ஜுமாவைப் பார்த்தார்.

"கட்டினவன் என்ன ஆனான்? பாம்பு கடிச்சுதா? கண்ணு போச்சா?"

"ஒண்ணும் ஆகல. நல்லா வாழ்ந்து, கட்டில்ல தூக்கத்துலயே போனான்."

"உங்கப்பா ஆவியா வந்து எதுவும் பண்ணலையா?"

"செத்த பிறகாவது அவர் உட்கார வேணாமா பாய்?"

சோலையப்பன் கடப்பாறையை எடுத்து வளையத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினார். பட்டை கிழிந்தது.

"பயம் போயிருச்சா?" என்றான் லுக்மான்.

"சும்மா இருய்யா. ஏதாவது வெளிய வரட்டும்."

வளையம் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அவர் ஏணியில் ஏறி, அது இருந்த பொந்தில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். எறும்புகள்தான் வந்தன.