வலது பக்கப் பொத்தான்

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. காபி இயந்திரத்துக்கும் தன் மேசைக்கும் நடுவே ஆறு முறை நடந்துவிட்டாள். காபி மட்டும் குடிக்கவில்லை. மாலை நான்கு மணிக்குச் செயலியின் புதுப் பதிப்பு வெளியாகிறது. திங்கட்கிழமை முதல் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வரிசையே கிடையாது, போனில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் டாக்டர். ஒன்றரை வருட உழைப்பு. அதில் வரும் தமிழ் முழுக்க அவள் கைப்பட எழுதியது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அம்மாள் பயிற்சிக்காக வந்து சேர்ந்தாள். நாற்காலியில் உட்காரும் முன்பே இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லாரி ஓட்டினவரோட பொண்ணு நீங்கதானே? வரிசையில நிக்கிற அத்தன பேர்கிட்டயும் போனக் காட்டி, இது என் பொண்ணு செஞ்சதுன்னு சொல்லிக்கிட்டே நிப்பாரே!"

"வரிசையிலயா? அப்பா ஆப்லதானே பதிவு பண்றாரு?"

"யாரு சொன்னா? மூணு மாசமா காலையில ஆறு மணிக்கு முதல் ஆளு அவருதான்." அம்மாள் வாய் விட்டுச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் ஆப் குடுத்துட்டு, பெத்த அப்பாவ வரிசையில நிக்க வச்சிருக்கீங்களே!"

இவளுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு மாதமும் கேட்பாள். ஒவ்வொரு மாதமும் அப்பா, "பதிவு பண்ணிட்டேன் பாப்பா, ஒரு நிமிஷ வேல" என்பார். மேசைக்கு ஓடிப்போய்ச் செயலியின் கணக்கில் அவர் போன் எண்ணைத் தேடினாள். பதினோரு முறை செயலியைத் திறந்திருக்கிறார். டாக்டர், நாள், நேரம் எல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கடைசித் திரை வரை போயிருக்கிறார். பதினோரு முறையும் அங்கேயே மூடிவிட்டிருக்கிறார். ஒரு பதிவுகூட இல்லை.

மூணு மாசமாகப் பொய்யா சொல்லியிருக்கிறார்? மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மத்தியானம், சாப்பிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அவளும் கிளம்பினாள். அப்பாவின் மகள்தானே.

வீட்டில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளை இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். வலது கண்ணுக்குள்ளே நீர் கோத்திருந்தது. மாதம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அடுத்த ஊசி திங்கட்கிழமை.

"திங்கட்கிழமைக்குப் பதிவு பண்ணிட்டீங்களாப்பா?"

"ஓ, பண்ணிட்டேனே."

"எங்க, என் எதிர்ல ஒரு தடவ பண்ணுங்க பாப்போம்."

"ஏன், பரீட்சையா?" என்று முனகிக்கொண்டே போனை எடுத்தார்.

அந்தப் போன் கடைக்காரர் வைத்துக் கொடுத்த மாதிரியே ஆங்கிலத்தில் இருந்தது. மாற்ற விடமாட்டார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், பெயர்ப் பலகையைப் பார்த்து ஊர் போய்ச் சேர்ந்தவர் இல்லை. வளைவைப் பார்த்துப் போனவர். போனிலும் அப்படித்தான், எல்லாம் இடக் கணக்கு. "எடத்த மாத்தினா நான் தொலைஞ்சு போயிடுவேன்" என்பார். அதனால் செயலிக்குள் மட்டும் அவள் தமிழை வைத்துக் கொடுத்திருந்தாள்.

அவர் கட்டை விரல் கிடுகிடுவென்று போனது. டாக்டர், நாள், நேரம், எல்லாம் தமிழ். கடைசியாக, பதிவை உறுதி செய்யும் பெட்டி வந்தது. முழுக்க முழுக்க அவருக்குப் படிக்க வராத ஆங்கிலம்.

அந்தப் பெட்டி அவள் செய்ததில்லை. மூன்று வார வேலை மிச்சம் என்று இன்னொரு நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்திய பாகம். அதில் உறுதி செய்வது இடது பக்கம், மூடுவது வலது பக்கம். அவள் செய்த திரைகளிலோ 'சரி' எப்போதும் வலது பக்கம்தான். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் வலது பக்கம் அழுத்தினார். பெட்டி மூடிக்கொண்டது.

"முடிஞ்சுது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"முடியலப்பா."

"தெரியும்." போனைத் துண்டால் துடைத்தார். "டோக்கன் குடுக்குற எடத்துல, உங்க பேரே இல்லைன்னுட்டாங்க."

"அப்பவே என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீ உன் போன்ல காட்டிப் பத்து தடவ சொல்லிக் குடுத்துட்ட. இன்னொரு தடவ கேக்கக் கூச்சமா இருந்துச்சு. வேற எதையாவது அழுத்திப் பாக்கலாம்னா, ஏதாவது கெட்டுப்போனா உனக்குத்தானே கெட்ட பேரு?" போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ செஞ்சதுல தப்பு இருக்காது. தப்பு நம்ம கையிலதான்னு விட்டுட்டேன்."

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "குடுங்க, நான் போட்டுடறேன்" என்று கையை நீட்டினாள். அவர் போனை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்கு நீ போட்டுடுவ. வரிசையில நிக்கிறாங்களே, அவங்களுக்கெல்லாம் யாரு போடுவா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அலுவலகத்துக்கு நடந்து போயிருந்தாலும் நேரத்துக்குப் போயிருக்கலாம், ஓடினாள்.

செயலியைச் சோதிக்கும் பெண்ணுக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். அவள் கண்ணில் படாமல் ஒரு கால் புள்ளிகூடத் தப்பாது. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆறு போன்லயும் பாத்தேன். அந்தப் பெட்டி தமிழ்லதான் வந்துச்சு. வேணும்னா பாருங்க!"

"போன் எந்த மொழியில இருக்கு?"

பூதக்கண்ணாடி ஒவ்வொரு போனாக எடுத்துப் பார்த்தாள். ஆறும் தமிழ். சோதனை பழுதில்லாமல் இருக்கட்டும் என்று அவளே உட்கார்ந்து மாற்றி வைத்தது. வாங்கிய பாகம், செயலியில் என்ன மொழி என்று கேட்பதில்லை. நேராகப் போனைக் கேட்கிறது. போன் தமிழ் என்றால் தமிழ், ஆங்கிலம் என்றால் ஆங்கிலம். இந்த அறையில் இருந்த எல்லாப் போனும் தமிழ் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

"நல்லா வேல செய்யணும்னு செஞ்சு நானே குழி வெட்டிட்டேனே" என்று பூதக்கண்ணாடி தலையில் அடித்துக்கொண்டாள்.

மேனேஜர் அசையவில்லை. "அது நம்ம எழுதினது இல்லையேம்மா. வித்தவங்களுக்கு ஒரு மெயில் போடு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"சார், கடைசித் திரையில மூடிட்டுப் போனவங்க முந்நூத்துப் பன்னெண்டு பேரு. ஆர்வம் இல்லாதவங்கன்னு போன மாச அறிக்கையில எழுதினோமே, அவங்கதான். நானும் சேந்துதான் எழுதினேன்." அவள் அந்த அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "அதுல எங்கப்பாவும் இருக்காரு. திங்கட்கிழம வரிசையும் இருக்காது. இவங்கெல்லாம் ஊசிக்கு எங்க சார் போவாங்க?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எவ்வளவு நேரம் வேணும்?"

"ரெண்டு மணி நேரம்."

"சரி, சீக்கிரம்."

பாகத்தோடு வந்த கையேட்டில் நாற்பத்தேழாம் பக்கத்தில் வழி இருந்தது. பெட்டியைத் திறக்கும்போதே இன்ன மொழியில் பேசு என்று சொல்லி அனுப்பலாம். யாரும் அதுவரை படித்ததில்லை. சொல்லி அனுப்பினாள். பொத்தான்கள் தமிழுக்கு வந்தன, தலைப்பு மட்டும் அடம் பிடித்தது. பாகத்துக்குள் அந்தத் தலைப்புக்கு என்ன பெயர் என்று தேடிப் பிடித்து, அதே பெயரில் தன்னுடைய தமிழ் வரியை எழுதி வைத்தாள். அதுவும் வழிக்கு வந்தது. உறுதி செய்யும் பொத்தானை வலது பக்கத்துக்குக் கொண்டு வந்தாள். பூதக்கண்ணாடி ஆறு போனையும் ஆங்கிலத்துக்கு மாற்றி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான்கு மணி வந்து, போனது. நடுவில் மொழியை மாற்றினால் பழைய பெட்டியே வருகிறது என்று ஒரு குறை கிளம்பி, அதுவும் தீர்ந்து, ஐந்து மணிக்கு மேனேஜர் வெளியிடச் சொன்னார். எல்லார் போனுக்கும் போய்ச் சேர விடிந்துவிடும்.

அப்பாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார், பின்னால் ஒரே சத்தம்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"இங்கதான். சும்மா. ஆஸ்பத்திரிப் பக்கம்."

டோக்கனுக்கு இதுதான் கடைசி நாள். திங்கட்கிழமைக்கு ஒன்று கெஞ்சி வாங்கிவிடலாம் என்று போய் நின்றிருக்கிறார். அவள் விழுந்தடித்துக்கொண்டு போனாள். நீளத் தாழ்வாரம், சுவரோரமாக நாற்பது பேர், எட்டாவது ஆள் அப்பா. விடியும்வரை காத்திராமல், அவர் போனை வாங்கித் தன் கையாலேயே புதுப் பதிப்பை ஏற்றித் திரும்பக் கொடுத்தாள்.

"இப்ப பண்ணுங்கப்பா."

"இத்தன பேர் எதிர்லயா?"

"பண்ணுங்க."

டாக்டர். நாள். நேரம். பெட்டி வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. போனை இடது கண்ணருகே கொண்டு போனார். "பதிவை உறுதி செய்" என்று எழுத்துக் கூட்டிப் படிப்பவர் மாதிரி உரக்கப் படித்தார். பிறகு வலது பக்கம் அழுத்தினார். போன் அதிர்ந்து செய்தி வந்தது: திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. அதையும் இரண்டு முறை படித்தார்.

பின்னால் நின்ற தச்சர் எட்டிப் பார்த்தார். "எனக்கும் அந்தக் கடைசிப் பக்கத்துலதாங்க மாட்டிக்குது."

அப்பா அவரைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். "அப்ப பதினோரு தடவையும் தப்பு என் மேல இல்லியா?"

"இல்லப்பா. என் மேலதான்."

மூன்று மாதமாகக் கூனியிருந்த மனுஷன் நிமிர்ந்தார். வரிசைப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "கேட்டீங்களா? தப்பு நம்ம மேல இல்லியாம்! எல்லாம் என் பொண்ணு செஞ்ச தப்பாம்!"

இது என் பொண்ணு செஞ்சது என்று சொல்வாராமே, அதே பெருமை அந்தக் குரலில் இருந்தது. நாற்பது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எங்காவது ஓடிப்போக வேண்டும் என்று காலையிலிருந்து முதல் முறையாக அவளுக்குத் தோன்றவில்லை. தச்சர் தன் போனை அவள் முன்னால் நீட்டினார். "எனக்கும் மாத்திக் குடும்மா."

அவள் வாங்கிக்கொண்டாள்.