வெளியே வந்தது தப்பில்லை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆறு வருடமாக எல்லோருக்கும் அவள் பூட்டுதான். கோல்கீப்பராக நின்று தொடர்ந்து ஒன்பது கால்பந்து ஆட்டங்களில் ஒரு பந்தைக்கூட வலைக்குள் விடாத அந்த வருடம், ஒரு ரசிகை அட்டையில் பெரிய பூட்டு ஒன்றை வரைந்து தூக்கிப் பிடித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் பூட்டக்கா என்றார்கள். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர்கூட, "பூட்டுக்கு ஒரு டிக்கெட்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். அவளும் உள்ளுக்குள் ரசிக்காமல் இல்லை.

அரையிறுதியின் எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எல்லாம் தலைகீழானது. எதிரணிக்காரி நீளமாக அடித்த பந்தை மறிக்க, அவள் பெனால்டி கட்டத்தையும் தாண்டி ஓடி வந்தாள். பந்து தரையில் பட்டு எகிறியது. அவள் கால் காற்றை உதைத்தது. பந்து அவளைக் கடந்து, காலியாகக் கிடந்த வலைக்குள் சாவகாசமாக உருண்டு போனது. ஆட்டம் போச்சு, இறுதிப் போட்டியும் போச்சு. அன்று சாயங்காலமே அந்தக் காட்சி செல்போன் செல்போனாகச் சுற்றத் தொடங்கியது. யாரோ வேலை மெனக்கெட்டு அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் கதவு கிறீச்சிடும் சத்தத்தையும் சேர்த்திருந்தார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் கிளப் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ரசிகர்கள் கேள்வி கேட்பார்களாம், அவள் செல்போன் முன்னால் உட்கார்ந்து நேரலையில் பதில் சொல்ல வேண்டுமாம்.

பழைய ஜெர்சிகளை மூட்டை கட்டிப் போட்டிருந்த பின்னறையில்தான் ஏற்பாடு. மூட்டைகள் தெரியாதபடி கிளப் கொடியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலியில் மாட்டிய செல்போன், கண் கூசும் ஒரு வட்ட விளக்கு. மின்விசிறியின் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தாள் விளம்பரப் பிரிவுப் பெண். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. வேலையில் சேர்ந்து மூன்று மாதம்.

"அக்கா, ஆறே கேள்விதான். பதிலும் எழுதியிருக்கு. பாத்துப் படிக்கற மாதிரி தெரியாம சொல்லிட்டீங்கன்னா போதும்" என்று ஒரு தாளை நீட்டினாள்.

பூட்டு வாங்கிப் பார்த்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், பிடித்த நிறம் எது என்று நாலு கேள்விகள். ஐந்தாவது, அரையிறுதி. பதில்: 'நான் பெனால்டி கட்டத்தை விட்டு வெளியே வந்திருக்கவே கூடாது. அனைவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.' ஆறாவது, எதிர்காலத் திட்டம். பதில்: 'இளையவர்களுக்கு வழிவிடும் நேரம் நெருங்கிவிட்டதாக உணர்கிறேன்.'

"நான் உணர்றேன்னு யார் சொன்னது?"

"செயலாளர் சார் எழுதினது அக்கா."

"அவரு கோல்ல நின்னிருக்காரா?"

அந்தப் பெண் முக்காலியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள். கிளப் செயலாளர் புகைப்படம் எடுக்கும்போது மட்டும் புல்லில் கால் வைப்பவர் என்பது இருவருக்கும் தெரியும். "அக்கா, என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க" என்றாள் மெல்ல.

"அவரு எழுதிக் குடுத்ததையெல்லாம் நீ சரியாத்தான் கேட்ட. அதுக்கு நான் சாட்சி" என்று தாளை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள் பூட்டு.

நேரலை தொடங்கியது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாலு கேள்விகள் ஒரு வழியாக ஓடின. காலை ஐந்தரை மணி, பச்சை நிறம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, திரையின் அடியில் ரசிகர்கள் எழுதுவது சரசரவென்று மேலேறிப் போய்க்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைப் படித்திருக்க முடியாது. பதினைந்து வருடம் பாய்ந்து வரும் பந்தைப் பார்த்தே பழகிய கண் அவளுடையது. ஒன்றையும் விடவில்லை.

"ஒருத்தர் எழுதியிருக்காரு, 'பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு'ன்னு. இன்னொருத்தர், 'வெளிய வர்றதுக்கு இவ என்ன வாக்கிங் போறாளா'ன்னு கேக்கறாரு. இதான் கேள்வி. பச்சைக் கலரா கேள்வி?" என்றாள்.

செல்போனுக்குப் பின்னால் அந்தப் பெண் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள். பூட்டு அவளைப் பார்த்து, முடியாது என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"ஏன் வெளிய வந்தேன்னு சொல்றேன், கேளுங்க. எங்க டிஃபென்ஸ்ல நிக்கற நாலு பேரும் நடுக்கோட்டுப் பக்கம் ஏறி நிப்பாங்க. அப்பதான் எதிரணியை அவங்க பக்கத்துலயே மடக்க முடியும். அப்படி ஏறி நின்னா அவங்களுக்குப் பின்னாடி முப்பது, நாப்பது மீட்டர் வெறும் புல்லு. அந்தப் புல்லு யாரோடது? என்னோடது. அங்க வர்ற பந்துக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. அந்த ஆட்டத்துல பதினோரு தடவை வெளிய வந்தேன். பத்து தடவை பந்து என் கால்லதான். அந்தப் பத்தை யாரும் வீடியோ எடுத்து அனுப்பல. பதினோராவது தடவை பந்து எகிறிச்சு, நான் சரியா உதைக்கல. உதைச்சது தப்பு, அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன், மனசாரக் கேக்கறேன். வந்தது தப்பில்லை. அடுத்த ஆட்டத்துலயும் வருவேன்."

கீழே எழுத்துகள் இன்னும் வேகமாக ஓடின. திட்டியவர்கள் திட்டினார்கள். ஆனால் நடுவில் ஒரு தாய் கேட்டிருந்தாள்: தன் மகளுக்குப் பதினோரு வயது, குண்டாக இருக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் கோலில் நிறுத்திவிட்டார்கள், வீட்டுக்கு வந்து அழுகிறாள், என்ன சொல்வது?

பூட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னையும் அப்படித்தாம்மா நிறுத்தினாங்க. ஓட மாட்டேங்கறா, போய் அங்க நில்லுன்னு. நானும் அழுதேன். பொண்ணு பக்கத்துல இருந்தா கூப்பிடுங்க. பாப்பா, மைதானத்துல இருபத்திரண்டு பேரு ஓடறாங்க. பந்தைக் கையால தொடற உரிமை ரெண்டே ரெண்டு பேருக்குத்தான். அதுல நீ ஒருத்தி. அதைத் தண்டனைன்னு சொன்னவனுக்கு ஆட்டமே தெரியலன்னு அர்த்தம். முதல்ல விழக் கத்துக்கோ. வீட்டுல மெத்தையைத் தரையில போட்டு, பக்கவாட்டுல விழு. முழங்கையை ஊனாதே. தொடை, இடுப்பு, தோள், அந்த வரிசையில தரையைத் தொடணும். அப்புறம், கத்து. வீட்டுல கத்தாதே கத்தாதேன்னுதான் சொல்லுவோம். அம்மா, நீங்க இவளை மட்டும் கத்த விடுங்க. முன்னாடி நிக்கறவங்களுக்கு முதுகுல கண்ணு இல்ல, இவ வாய்தான் அவங்களுக்குக் கண்ணு. அழுகை வந்தா அழட்டும், அழுதுக்கிட்டே பந்தைப் பிடிக்கலாம். நான் பிடிச்சிருக்கேன்."

வட்ட விளக்கின் சூட்டில் வியர்வை கழுத்தில் வழிந்தது. ஒருவர் பெனால்டிக்கு எந்தப் பக்கம் பாய்வது என்று எப்படி முடிவெடுப்பீர்கள் என்று கேட்டார். "உதைக்கற காலைப் பாக்க மாட்டேன். ஊனற கால் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாப்பேன். ஆளு பொய் சொல்லும், ஊனின கால் பொய் சொல்லாது" என்றாள்.

அப்போதுதான் 'நடுநிலையாளன்' என்ற பெயரில் ஒரு வரி ஏறியது. 'நான் ஒண்ணும் தப்பா சொல்லல. ஆனா மரியாதை இருக்கறப்பவே இறங்கிக்கறது புத்திசாலித்தனம். குடும்பத்துல இருக்கறவங்களும் வெளிய தலைகாட்டணும் இல்லையா?'

படித்ததும் அவளுக்குக் காது சூடானது. ஒண்ணும் தப்பா சொல்லல என்று ஆரம்பித்துத் தப்பாக மட்டுமே சொல்லக்கூடிய ஒரே ஆள் அவளுடைய அண்ணன்தான். முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தைகள்.

"அண்ணே, நடுநிலையாளன் அண்ணே. உன் பேர்லயே கேளேன். முக்காடு எதுக்கு?" என்றாள். திரை முழுக்கச் சிரிப்பு முகங்கள் கொட்டின. அவள் சிரிக்கவில்லை. "கேட்டதுக்குப் பதில் சொல்றேன். எனக்கு முப்பத்தஞ்சு வயசு. என் முட்டி என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும், தினமும் பேசிக்கறோம். இறங்க வேண்டிய நாள் வந்தா நானே வந்து சொல்லுவேன். அதை வேற ஒருத்தர் தாள்ல எழுதிக் குடுத்து நான் படிக்க மாட்டேன்."

விளம்பரப் பிரிவுப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

நேரலை முடிந்து பத்து நிமிடத்துக்குள் மாடியில் செயலாளர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அவர் மேஜைக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் பயிற்சியாளர், கையைக் கட்டிக்கொண்டு.

"கிளப்போட மானத்தை வாங்கிட்டீங்க. யாரு உங்களை இஷ்டத்துக்குப் பேசச் சொன்னது?"

"ரசிகர்கள் கேட்டாங்க சார். நீங்க எழுதினதை யாரும் கேக்கல."

"அந்தப் பொண்ணு உங்களைத் தடுக்கலியா?"

"தடுத்தா. நான்தான் கேக்கல. அவ வேலையில கை வெச்சீங்கன்னா அதையும் நேரலையில சொல்லுவேன்."

செயலாளர் பயிற்சியாளர் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை மூணாவது இடத்துக்கான ஆட்டம். இவங்க பெஞ்ச்ல உக்காரட்டும். பதினோரு தடவை வெளிய வந்தேன்னு பெருமை வேற."

பயிற்சியாளர் பேசுவதே அபூர்வம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பதினொண்ணு இல்ல சார், பன்னிரண்டு. முதல் பாதியில ஒண்ணை இவ கணக்குல விட்டுட்டா. வெளிய வரச் சொன்னது நான். இவ என் பேரைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம், சொல்லல. அணியை நான்தான் எழுதறேன், அது நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே இருக்கு. பெஞ்சுன்னா, நானும் பெஞ்சுதான்."

செயலாளர் தண்ணீர் குடித்தார்.

வீட்டுக்குப் போனால் வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தான். அண்ணி திட்டித் துரத்தியிருப்பாள் போல. முகத்தில் அந்தக் களை இருந்தது.

"ரெண்டாயிரம் பேரு முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட."

"நீயும் அந்த ரெண்டாயிரம் பேரு முன்னாடிதானே கேட்ட? வீட்டுல கேட்டது பத்தலியா?"

அண்ணன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "கடைக்கு வர்றவன் எல்லாம் ரிப்பேருக்கு செல்போனைக் குடுக்கறப்ப முதல்ல அந்த வீடியோவைப் போட்டுத்தான் காட்டறான். ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு பாக்கறானாம். அந்தக் கதவுச் சத்தம். நாலு நாளா அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கறது?"

அவளுக்குக் கோபம் பாதியாக இறங்கியது. மீதிப் பாதியை அவள் விடவில்லை. "எனக்காக வலிச்சுதுன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். அவனுங்களோட சேர்ந்து நீயும் கல்லெறியக் கூடாது. கடைசியா நீ எப்ப மைதானத்துக்கு வந்த? வீடியோவுல பாக்கறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? ஞாயித்துக்கிழமை வா. கோலுக்குப் பின்னாடி உக்காரு. முழுசாப் பாத்துட்டு இறங்குன்னு சொல்லு, கேக்கறேன்."

அவன் வந்தான். அண்ணியும் கூட வந்தாள்.

ஞாயிறன்று அவள் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது கைதட்டலும் ஊளையும் சரிபாதியாக இருந்தன. இருபதாவது நிமிடம் அவள் கட்டத்தைத் தாண்டி ஓடி வந்ததும், "உள்ள போ, உள்ள போ" என்று கூட்டத்தில் ஒரு பக்கமே கூவியது. அவள் பந்தை அடித்து வெளியே தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நாற்பதாவது நிமிடம் மறுபடி வந்தாள். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரி முழு வேகத்தில் வர, இருவரும் ஒரே பந்துக்குப் போனார்கள். பூட்டு அரை அடி முன்னால் போய்ச் சேர்ந்தாள். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் பறந்தது. எதிராளியின் முட்டி அவள் விலாவில் இறங்கியது. மூச்சு வாங்கப் புல்லில் கிடந்தாள். எழுந்திருக்கும்போது கோலுக்குப் பின்னால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நிற்பது தெரிந்தது. அவன் கண் கலங்கியிருந்ததா, வெயிலில் கூசியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஆட்டம் தொடர்ந்துவிட்டது.

ஒரு கோல் விட்டார்கள், தலையால் முட்டிய பந்து. அதை யாராலும் பிடித்திருக்க முடியாது. இரண்டு கோல் போட்டார்கள். மூன்றாவது இடம் கிடைத்தது. பெரிய கோப்பை ஒன்றுமில்லை, ஒரு கேடயம். கலைந்து போகும்போது அண்ணன் வேலியோரம் வந்து, "விலாவுக்கு ஐஸ் வெச்சியா?" என்று மட்டும் கேட்டான். இறங்கச் சொல்லவில்லை. வெளியே, நேரலையில் கேட்ட அந்தத் தாய் பதினோரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பெண் முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு வாயே திறக்காமல் நின்றாள். பூட்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்து, "முழங்கையை ஊனியிருக்க" என்றாள்.

அடுத்த வாரம் செயலாளர் அறையில் புதிய ஒப்பந்தம் தயாராக இருந்தது, ஒரு வருடத்துக்கு. பயிற்சியாளர் எழுதிக் கேட்டதால் வேறு வழியில்லாமல் அடித்துக் கொடுத்தது. பூட்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். அவசரப்படவில்லை. மூன்றாம் பக்கத்தில், கிளப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று புதிதாக ஒரு வரி இருந்தது.

மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு கிழித்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் பெரிதாக ஒரு கையெழுத்து. தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது செல்லாது" என்றார் செயலாளர்.

"அப்ப வேற கோல்கீப்பரைத் தேடுங்க சார். எனக்கு நாலரைக்குப் பயிற்சி இருக்கு. நான் கீழதான் இருப்பேன்."

படியில் இறங்கும்போது விலா இன்னும் வலித்தது. மைதானத்தில் பந்துகளை வரிசையாக அடுக்கிவிட்டுப் பயிற்சியாளர் அவளுக்காகக் காத்திருந்தார். ஐந்தே காலுக்கு மாடியிலிருந்து ஆள் வந்து, அந்தக் கோடு அப்படியே இருக்க முத்திரை குத்திய ஒப்பந்தப் பிரதியை அவளிடம் நீட்டினான். கையுறையைக் கழற்ற அவளுக்கு நேரமில்லை. பெஞ்சில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.