பல் பட்ட கோசு

முட்டைக்கோசுக்குள் இரண்டு அறை இருக்கிறது. ஒன்றில் சாதுவான ஒரு சத்து, பக்கத்து அறையில் அதைக் கிளப்பிவிடும் ஒரு நொதி. இலை முழுசாக இருக்கிறவரை இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது. கத்தியோ பல்லோ பட்டால் சுவர் உடைந்து இரண்டும் கலந்து, கடுகு அரைத்தது போல ஒரு நெடி கிளம்பும். உடம்புக்கு நல்லது செய்வது அந்த நெடிக்காரன்தான். ஆகவே அரிந்து அரை மணி நேரம் வைத்து அப்புறம் அடுப்பில் ஏற்று, இல்லையா, பச்சையாக நன்றாக மென்று தின். தோட்டக்கலைத் துறையில் இருந்த காலத்தில் இதை ஒரு லட்சம் பேருக்குச் சொல்லியிருப்பேன். காதில் வாங்கியவர்கள் நாலு பேர்.

அந்த நாலில் ஒருவர் வெள்ளிமலைப் பக்கம் கோசு பயிர் செய்த வேடியப்பன். அவர் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. "பொக்க வாயன்கிட்ட மென்னு தின்னுன்னு சொல்ற ஆபீசர இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரிப்பார். அவர் மனைவி பூமாலை, வெற்றிலை இடிக்கிற உரலில் கோசை இடித்துக் கொடுப்பார்.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் வெட்டிச் சாய்த்த பத்தாயிரம் புளியமரம் ரோட்டில் படுத்திருந்தது. சரி, ஆயிரம். நானும் ஜீப் டிரைவர் தஸ்தகீரும் மலைமேல் மாட்டிக்கொண்டோம். லாரி வராமல் கோசு அழுகப் போகிறதே என்று வேடியப்பன் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கினார். அன்றைக்கே திரும்ப வேண்டியவர் இரண்டு நாளாகியும் வரவில்லை. விடாத மழை.

மூன்றாம் நாள் காலை பூமாலை வந்து நின்றார். "இன்னிக்கும் தேடலன்னா குளுர்லயே போயிடுவாரு சார். கூட வாங்க."

மூவரும் இறங்கினோம். மூடுபனி என்றால் அப்படி ஒரு மூடுபனி, என் கை எது என்று நானே விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். கூப்பிட்ட குரல் இரண்டடிக்கு மேல் போகவில்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், தஸ்தகீர் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"சார், யாரோ கோசு அரியறாங்க."

இடது பக்கம், யாருமே போகாத புதர் வழியிலிருந்து வந்தது நெடி. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. "பாய், இந்த நெடி வெட்டுப்பட்ட கொஞ்ச நேரம்தான் காத்துல நிக்கும். இப்பத்தான் கடிச்சிருக்காரு. ஆள் உசுரோட இருக்காரு."

பத்தடி தள்ளி ஒரு கோசு கிடந்தது. கடித்த இடத்தில் சாறு இன்னும் காயவில்லை. பூமாலை அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்வரிசை, கீழ்வரிசை, அரைவட்டமாக அழகாகப் பதிந்திருந்தது.

"எங்க வூட்டுக்காரருக்குப் பல்லு ஏதுங்க சார்?"

மரக் கணக்கில் கூட்டிச் சொன்னேன். இதில் கூட்டவில்லை. அது மனுஷப் பல்.

"திரும்பிடலாம் சார். எனக்கு நாலு பொண்ணுங்க" என்றார் தஸ்தகீர்.

"எனக்கு ஒரே புருஷன்" என்று சொல்லிவிட்டு பூமாலை நடந்தார்.

நாங்கள் நின்றால் நெடி நிற்கும். நடந்தால் முன்னால் போகும். வழியில் இன்னும் மூன்று கோசு. ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஈரம். கடைசியில் ஒரு பாறை இடுக்கு. அதற்குள் வேடியப்பன், கால் உடைந்து வீங்கிக் கிடந்தார். உதடெல்லாம் பச்சை. பூமாலை ஓடி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஆள முன்னாடியே அனுப்பிட்டு நீங்க இவ்ளோ லேட்டாவா வர்றது?" என்றார் வேடியப்பன் என்னிடம்.

"எந்த ஆளு?"

"நீங்கதான் சொல்லி அனுப்பிருப்பீங்க, மென்னாத்தான் சத்துன்னு. ரெண்டு நாளா பக்கத்துல குந்திக்கினு, மென்னு மென்னு என் கையில வெச்சிக்கினே இருந்தாரு. பேச்சே கெடையாது. இல்லன்னா நான் போயிருப்பேன்."

"ஆளு எப்படி இருந்தாரு?" என்று என் பின்னால் ஒதுங்கிக்கொண்டே கேட்டார் தஸ்தகீர்.

"பனியில மூஞ்சி எங்கப்பா தெரியுது. பல்லுதான் தெரிஞ்சிது."

அவர் உள்ளங்கையில் மென்ற கோசு ஓர் உருண்டை இருந்தது. மோந்து பார்த்தேன். கண்ணில் நீர் வரும் காரம். அப்போதுதான் மென்றது.

தஸ்தகீர் ஏதோ ஓதிக்கொண்டே வேடியப்பனை முதுகில் ஏற்றிக்கொண்டார். பூமாலை, பக்கத்தில் கிடந்த அவர் கூடையில் மிச்சமிருந்த ஒரே முழுக் கோசை எடுத்துப் பாறைமேல் வைத்தார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. இருபதடி போயிருப்போம். பின்னால் 'கறுக்'கென்று ஒரு சத்தம். உடனே நெடி.

நடையைக் கூட்டினோம். நெடி குறையவில்லை. நூறடி, இருநூறடி, அதே காரம், என் பிடரிக்குப் பக்கத்திலேயே. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூமாலையும் பார்க்கவில்லை.

முதுகில் இருந்த வேடியப்பன் மட்டும் தலையைத் திருப்பி, எனக்குப் பின்னால் கையை ஆட்டினார்.

"எனக்குப் போதுங்க, வவுறு ரொம்பிடுச்சி. நீங்க இருந்து சாப்புடுங்க."

அந்த இடத்தோடு நெடி நின்றது.