அரை மாத்திரை

...கொடுத்துவிட்டால்தான் என்ன, கேட்டவர் அவர், வாய்விட்டுக் கேட்ட புருஷனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த பெண்டாட்டியை எந்த ஊரில் குற்றம் சொல்வார்கள்? தம்ளரில் தண்ணீர் பிடித்தாயிற்று, எதிரே அலமாரியில் அவருடைய இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஒன்றில் 'ஜுரம்', ஒன்றில் 'வலி' என்று அவர் கையாலேயே எழுதி ஒட்டிய சீட்டு, மினிஸ்ட்ரி ஃபைலில் எழுதுகிற அதே குண்டு எழுத்து. சர்க்கார் டிஸ்பென்சரியில் கார்டை நீட்டி நீட்டி வாங்கி, தின்றது போக மிச்சம் பிடித்துச் சேர்த்த சொத்து. அங்கே காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார்கள், பொட்டலத்தைத் தூக்கிப்போட்டால் பேரும் கிடையாது ஊரும் கிடையாது, எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். இவருக்குப் பேர் எதற்கு? டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பிளாக்கில் யாருக்கு உடம்பு சுட்டாலும் மகாதேவன் சாரிடம்தான் வருவார்கள், சார் பாட்டிலைத் திறந்து இரண்டைக் கையில் கொட்டி, சூடாக டீ குடித்துவிட்டுப் படு என்பார். செக்‌ஷன் ஆபீசர் நாற்காலி தராத பெருமையை இந்த இரண்டு பாட்டில் தந்தது. பொட்டலத்தை வரிசையில் நின்று வாங்கி வந்தவள் நான், ஜுரம் பாட்டில் முழுக்க ஆஸ்பிரின் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷத்து ஜுரத்தில் ஆஸ்பிரின் என்ன செய்யும் என்பதும் நேற்றிலிருந்து தெரியும். அவருக்குத் தெரியாது.

"வத்சலா, என்னடி பண்றே அங்க? ஜல்தி கொண்டா. மண்டை பொளக்கறது." வரேன், வரேன். மூன்று நாளாக இதே குரல். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறதாம், முட்டியைக் கழற்றிப் போட்டாற்போல் இருக்கிறதாம், படுத்தால் வலி, எழுந்தால் வலி... ஐயோ பாவம், வலி என்றால் இப்படித்தான் இருக்குமா ஸ்வாமி, உங்களுக்கும் தெரிந்துவிட்டதா? நேற்றுக் காலை நான் மட்டும் கார்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் ஒரு சின்னப் பெண், பஞ்சாபி, கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். ஆண்ட்டிஜி, ஊரெல்லாம் டெங்கு, ஆஸ்பிரின் பில்குல் நஹீ, கூடவே கூடாது, ரத்தம் உறையாது, உள்ளே கசிய ஆரம்பித்துவிடும், வெறும் பாரசிட்டமால் போதும், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். வீட்டுக்கு வந்தேன். "என்ன சொல்றா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். ஒண்ணும் சொல்லலை, என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கில் அதுதான் வந்தது, பதினேழு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தாற்போல் வந்தது. வழியில் மருந்துக் கடையில் வாங்கின பாரசிட்டமாலை என்ன ஏது என்று சொல்லாமல் வேளைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். இன்றைக்கு அது கேட்கவில்லையாம், அவர் பாட்டில்தான் வேண்டுமாம்.

கேட்கட்டும், கேட்டதைக் கொடுப்பதுதானே பதிவிரதை லட்சணம்! எழுபத்தொன்பது டிசம்பர், கரோல் பாகில் மொட்டைமாடி ஒற்றை அறை, எனக்கு நாலு மாசம். வலது அடிவயிற்றில் சுருக்கென்று ஆரம்பித்தது, சாயங்காலத்துக்குள் கால் நீட்ட முடியவில்லை, உடம்பு கொதித்தது. ஏன்னா, வலிக்கறதுன்னா, என்றேன். அப்போது ஒரு பாட்டில்தான், அவர் ஒரு மாத்திரையை எடுத்து, கட்டைவிரல் நகத்தை நடுக்கோட்டில் வைத்து டக்கென்று உடைத்து, பாதியை என்னிடம் நீட்டிவிட்டு மற்றப் பாதியைப் பாட்டிலில் போட்டார். "பொம்மனாட்டி உடம்புக்கு அரை போறும். பழக்கப்படுத்திக்காதே." ராத்திரி சொன்னேன், அரை. விடிந்ததும் சொன்னேன், அரை. மறுநாளும் ஆபீசுக்குக் கிளம்பினார், ஷூ லேஸ் கட்டும்போது காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்னா, என்று. அரையை வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் குடல்வால் வெடித்தது, கீழ்வீட்டு சர்தார்னி ஆட்டோ வைத்து அள்ளிக்கொண்டு போனாள். குழந்தையும் போயிற்று, இனிமேல் பிறக்காது என்பதும் அன்றைக்கே முடிவாயிற்று. அதைக்கூட விதி என்று விட்டிருப்பேனோ என்னவோ. மயக்கம் தெளிகிறது, கண் திறக்கவில்லை, காது திறந்துவிட்டது, கதவுக்கு வெளியே வராந்தாவில் அவர் தன் அக்காவிடம் சொல்கிறார், "அவ எங்கிட்ட வலின்னு சொல்லவே இல்லை அக்கா." அழுகிற குரலில் சொன்னார், அக்கா நம்பினாள், ஊரே நம்பியது. வாய் செத்தவள், வலியைக்கூடச் சொல்லத் தெரியாத மண்டு என்று இன்றுவரை எனக்குப் பேர். அன்றைக்கு விழுந்தது மனதில், இருடா, உனக்கும் ஒரு நாள் வலிக்கும்.

இதோ வலிக்கிறது. 'ஜுரம்' பாட்டிலைத் திறந்துவிட்டேன், புளித்த வாசனை வருகிறது. இரண்டே இரண்டு, உள்ளங்கையில் உளுந்துவடைக்கு ஊறப்போட்ட பருப்பு மாதிரிச் சாதுவாகக் கிடக்கின்றன. அக்கா வருவாள், வராந்தாவில் நிற்பாள், என்னடி ஆச்சு என்பாள். அவர்தான் கேட்டார் அக்கா, நான் என்ன கண்டேன், வாய் செத்தவள்தானே... ஆஹா, எத்தனை நன்றாக இருக்கிறது சொல்லிப்பார்க்க! இன்னொரு தரம் சொல்லிப்பார்க்கிறேன். அவர்தான் கேட்டார் அக்கா. ஐம்பத்திரண்டு வயசு, வெந்நீர் போடத் தெரியாது, தன் சட்டைப் பொத்தானைத் தேடத் தெரியாது, கசிந்து கசிந்து செத்துப்போனால் அவருக்கு என்ன தெரியப்போகிறது, எதற்காகச் சாகிறோம் என்றுகூடத் தெரியாமல் போய்ச்சேர்வார். அது என்ன பழி? வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டும். வலித்துக்கொண்டே இருக்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் பாட்டிலில் திருப்பிப் போட்டேன், கடுகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பாரசிட்டமால் அட்டையை எடுத்தேன், ஒன்றைப் பிதுக்கி, நடுக்கோட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்தேன். டக். ஒரே அழுத்தில் சமமாக உடைந்தது, ஒரு துணுக்குக்கூடச் சிந்தவில்லை. ஒரு பாதி அவருக்கு. மற்றப் பாதியைக் கைக்குள் மூடிக்கொண்டேன், வலி தாங்காமல் கெஞ்சட்டும், அப்போது பார்க்கலாம்.

"இது என்னது, பாதி?" என்றார். அரை போறும், பழக்கப்படுத்திக்காதேங்கோ, என்றேன். முகத்தையே பார்த்தேன், ஏதாவது தெரிகிறதா, எழுபத்தொன்பது, ஷூ லேஸ், ஏதாவது? ஒன்றும் இல்லை. அவருக்கு நினைவே இல்லை. சமர்த்தாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அப்போதுதான் கழுத்தில் கிடந்த துண்டைப் பார்த்தேன், ஓரத்தில் சிவப்பு. பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து வந்ததாம், நிற்கவே இல்லையாம். முழங்கைக்குக் கீழே கொசு கடித்தாற்போல் பொடிப்பொடியாகச் சிவப்பு, கொசு கடித்தால் இத்தனையா? "இது எப்போலேர்ந்துன்னா? வேற ஏதாவது போட்டுண்டேளா?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "நேத்து சாயங்காலம் நீ பால் பூத்துக்குப் போனப்ப என் பாட்டில்லேர்ந்து ரெண்டு போட்டுண்டேன். விடியக்கார்த்தால ரெண்டு. அது கேட்டுது, திரும்ப ஏறிடுத்து, அதான் இன்னும் ரெண்டு கேட்டேன்." தம்ளர் கட்டில் விளிம்பில் இடித்துத் தண்ணீர் கொட்டியது. அதைப் போட்டுக்கப்படாதுன்னா, ஆஸ்பிரின்னா அது, ரத்தம் உறையாதுன்னு டாக்டர் சொன்னா, என்று வாய் தானாகக் கத்தியது. அவர் கண்ணை உயர்த்தினார், கோபம்கூட இல்லை, குழந்தை பார்க்கிறாற்போல் ஒரு பார்வை. "நீ சொல்லவே இல்லையேடி."

செருப்பில் ஒன்றுதான் காலில் ஏறியது, இன்னொன்று எங்கே போயிற்றோ, மாடிப்படியில் ஓடுகிறேன், மேல்வீட்டு பட்டாபியிடம் மாருதி இருக்கிறது, இந்த நேரத்துக்கு ஆபீஸ் கிளம்பியிருக்கக் கூடாது பகவானே... 'சொல்லவே இல்லை', எத்தனை தரம் இந்த வார்த்தையைத் துப்பினேன், பதினேழு வருஷமாகப் பொய் பொய் என்று துப்பினேன், இன்றைக்கு அவர் சொன்னது நிஜம், ஒரு எழுத்து பொய் கிடையாது. பட்டாபி சாவியும் கையுமாக வாசலில் நிற்கிறான். ஈறிலிருந்து ரத்தம் வரது, ஆஸ்பிரின் போட்டுண்டுட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஜல்தி, என்கிறேன். "ஐயையோ மாமி, இந்த ஜுரத்துல அதைத் தொடப்படாதே! நேத்து டிஸ்பென்சரிக்குப் போனேளே, டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டிரண்டு படியாக இறங்குகிறான். "இல்லை பட்டாபி, அந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லவே இல்லை." சொன்னது நான்தான். அழுகிற குரல்தான், அவன் நம்பிவிட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை சுலபமாகவா வரும் இது? உள்ளங்கை பிசுபிசுக்கிறது, மூடின கைக்குள் அந்த மற்றப் பாதி வியர்வையில் கரைந்துகொண்டிருக்கிறது, கீழே அவர் வத்சலா வத்சலா என்று கூப்பிடுகிறார். அன்றைக்கு அந்த வராந்தாவில் அவரும் இப்படித்தான் கையை மூடிக்கொண்டு நின்றாரோ என்னவோ, நான்தான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.