பிறந்த வீட்டுக் கோடி

கைகளை வாயருகே குவித்து, பாறையின் நுனியில் நின்று கண்ணாயி மூன்றாம் முறையாகக் கூவினாள்.

"ஓ மாமோ... அம்மா போயிருச்சுங்க மாமோ... கோடி கொண்டாங்க..."

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கரடிப்பாறை, அவள் அம்மா பிறந்த ஊர். அங்கே அடுப்பு புகைவது தெரியும், நாய் குரைப்பது கேட்கும். ஆனால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறி வர அரைநாள் ஆகும். கண்ணுக்குப் பக்கம், காலுக்குத் தூரம். அந்த ஊர்க்காரர்கள் கீழே போக வேண்டுமென்றால் இந்த நெல்லிமேட்டு வழியாகத்தான் போக வேண்டும். மலை அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை.

பதில் குரல் வரவில்லை. கண்ணாயி வீட்டுக்குத் திரும்பினாள்.

மதியம் தாண்டியதும் மழை இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் அம்மா சென்னம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரன் வானத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாயியைப் பார்த்தார்.

"உங்க மாமன் செங்கோடன் வரமாட்டான் கண்ணு. பேதி வந்த வருசத்தோட அறுந்த ஒறவு அது. குழியில தண்ணி கட்டிக்கும். இருக்கற சேலையப் போத்தி எடுத்தரலாம்."

"பொறந்த ஊட்டுக் கோடி போடாம எங்கம்மாவ அனுப்பமாட்டனுங்க."

"வெள்ளக்காரனோட இந்தச் சண்டைக் காலத்துல கட்டிக்கவே துணி கெடைக்கல. கோடிக்கு அவன் எங்க போவான்?"

கண்ணாயியின் பயம் துணியைப் பற்றியது அல்ல.

பேதி வந்த வருடம் முதல் சாவு கரடிப்பாறையில்தான் விழுந்தது. நெல்லிமேட்டார் கிளுவைக் கம்பு நட்டு, முள் வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள். செங்கோடன் தன் மகள் பாவாயியைத் தோளில் போட்டுக்கொண்டு, மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வைத்தியரிடம் போக வேலி வரைக்கும் வந்து வழி கேட்டார். திரும்பிப் போ என்று சொல்ல ஊரில் யாருக்கும் நாக்கு எழவில்லை. சொன்னவள் சென்னம்மாள், கூடப்பிறந்தவள். அப்போது அவள் இடுப்பில் இருந்த குழந்தை கண்ணாயி. பாவாயி வேலிக்கு அப்பாலேயே அடங்கிப்போனாள்.

அம்மா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, கண்ணாயி ஊர் சொல்லித்தான் கேட்டாள். தன்னைக் காப்பாற்றப் போய்த்தான் அம்மா பிறந்த வீட்டை இழந்தாள் என்பது அவள் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. இன்று கோடியும் வராமல் போனால் அது எந்தக் காலத்திலும் ஆறாது.

குழி வெட்டியவர்கள் திரும்பி வந்தார்கள். பாடையில் கை வைத்த நேரத்தில் யாரோ சொன்னார்கள், "எல்லையில ஆள் நிக்குது."

கண்ணாயி ஓடினாள். கவுண்டரும் பின்னால் வந்தார்.

செங்கோடன்தான். முழங்கால் வரை சேறு, கக்கத்தில் ஒரு துணி. அன்று நட்ட கிளுவைக் கம்புகள் வேர்பிடித்து, பாதைக்கு இரண்டு பக்கமும் மரமாகியிருந்தன. நடுவில் மாடும் மனிதரும் நடந்து தேய்ந்த வெறும் மண். அவர் அதற்கு அப்பால் நின்றார்.

"வாங்க மாமா."

"வேலி இருக்குது."

கவுண்டருக்குச் சுருக்கென்றது. "எங்கப்பா இருக்குது? முள்ளு மக்கி எத்தன வருசமாச்சு."

"மக்குச்சுங்க. ஆரும் எடுக்கலீங்களே."

மழை தூற ஆரம்பித்தது.

கண்ணாயி கிளுவை மரங்களுக்கு நடுவே போய்க் குனிந்தாள். ஒன்றுமில்லாத தரையில் இரண்டு கைகளையும் வைத்து, முள்ளை இழுப்பது போல இழுத்து ஓரத்தில் போட்டாள். மறுபடி குனிந்தாள். பாதை முழுவதையும் அவள் ஒதுக்கி முடிக்கும் வரை செங்கோடன் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு துணியை நீட்டினார். கோடிச் சேலைதான், ஒருமுறைகூடத் துவைக்காதது. ஆனால் மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. இந்தத் தட்டுப்பாட்டில் வாங்கியதல்ல, அம்மாவுக்கென்று எத்தனையோ வருடமாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்த சேலை. கண்ணாயி அதை வாங்கவில்லை.

"நீங்களே போத்துங்க மாமா."

செங்கோடன் பாதையைப் பார்த்தார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முள்ளில் படாமல் தாண்டுகிறவர் போலக் காலை எட்டி வைத்து இந்தப் பக்கம் வந்தார்.