தனியா பத்தாது

1

இந்தக் கதை ஒரு சொல்லில் பிறந்தது. அதுவும் திருட்டுச் சொல். மாவு அரைக்க வரிசையில் நின்றபோது மில்லுக்காரர் தன் மனைவியிடம் சொன்னதைக் காதில் வாங்கி, மாவோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாவு தீர்ந்துபோயிற்று, சொல் தீரவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘மில்லின் சுவர்களில் படிந்திருந்த மாவு, காலத்தின்...’ சீச்சீ. காலமாவது கத்திரிக்காயாவது.

2

மில்லை ஓட்டுவது ஒரு டீசல் இன்ஜின். பக்கத்து மாட்டுப் பண்ணையின் சாணக் குழியிலிருந்து குழாயில் கேஸ் வருகிறது. டீசலில் கிளப்பிவிட்டு, கேஸ் வால்வை மெல்லத் திறந்தால், இன்ஜின் இழுக்கிற காற்றோடு கேஸும் உள்ளே போகும். டீசல் செலவு தானாகக் குறையும்.

(இந்த இடத்தைச் சுருக்கு என்றான் கதையைப் படித்த நண்பன். போடா, கதையே இதில்தான் இருக்கிறது.)

மில்லுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மனைவிதான் தனியாக மில்லைப் பார்த்துக்கொண்டாள். அவருக்கு அவள் இரண்டாம் தாரம். அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இறந்துபோன முதல் மனைவியின் போட்டோவுக்குக் கீழே நின்றுதான் எடை போடவேண்டும். “மூத்தவங்க இருந்தப்போ இந்த மில்லு என்ன ஓட்டம் ஓடுச்சு தெரியுமா?” என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். எப்படியாவது புருஷனை அசத்திவிடவேண்டும் என்று அவளுக்கு ஆசை வராமல் இருக்குமா? கேஸ்தான் நன்றாக வருகிறதே, டீசல் எதற்குத் தண்டமாக என்று ஒரு காலையில் டீசல் குழாயை இறுக மூடிவிட்டாள்.

இன்ஜின் இருமிவிட்டு நின்றது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். (நான் இல்லை. சத்தியமாக.)

மில்லுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். மூடியிருந்த குழாயைப் பார்த்தார்.

“தனியா பத்தாதும்மா” என்றார்.

3

அவர் சொன்னது கேஸை. டீசல் இன்ஜினில் கேஸ் தானாகத் தீப்பிடிக்காது. துளி டீசல் முதலில் பற்றினால்தான் அதிலிருந்து கேஸும் பற்றும்.

அவள் காதில் விழுந்தது: நீ ஒருத்தி போதாது.*

அவள் உள்ளே போய் இரண்டு புடவையைப் பையில் திணித்தாள். தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவுகட்டிவிட்டாள்.

* தீப்பிடிக்காததும் பத்தாது, போதாததும் பத்தாது. எது, யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம் வேறு. இந்தப் பாஷையில் குடும்பம் நடத்துகிறோமே, நம்மைச் சொல்லவேண்டும்.

4

ஒரு முடிவு: அவரே இன்ஜினைச் சுற்றப் போய், தையல் பிரிந்து, அவள் பையைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு... வேண்டாம். ரத்தத்தைக் காட்டி ஒருத்தியை நிறுத்திவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று: தம்பி பெண்டாட்டி வாசலிலேயே சிரித்த முகமாக, “வாங்க அண்ணி, எப்போ திரும்பிப் போறீங்க?” என்கிறாள். எழுதிய கையோடு கிழித்துப்போட்டேன். பாவம், எத்தனை வீட்டில்தான் அவள் அதிகப்படியாக இருப்பாள்?

5

ஆகவே, அவளை மில் வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். தோளில் பை.

“போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். தனியா பத்தாதுன்னீங்களே, யாரச் சொன்னீங்க?”

“ஐயோ, கேஸச் சொன்னேம்மா!” என்றவர் பையைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அவள் போய்விடுவாளோ என்று பயந்துபோனார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அப்போ கேஸச் சொன்னேன். இப்போ கேட்டா, என்னையத்தான் சொல்றேன்.”

“இந்த வாய இத்தன நாள் எங்க வச்சிருந்தீங்க?”

“லிவர நான் தூக்கிப் பிடிக்கிறேன். நீ சுத்துறியா?”

இன்ஜின் தலையில் இருக்கிற அந்த லிவரைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே காற்று அழுந்தாது, சக்கரம் லேசாகச் சுற்றும். வேகம் வந்ததும் விட்டுவிடவேண்டும். அப்போதுதான் இன்ஜின் பிடிக்கும்.

டீசல் குழாயைத் திறந்துவிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். அவர் லிவரைப் பிடித்திருக்கிறார். அவள் கைப்பிடியைச் சுற்றுகிறாள், தோளில் பை இன்னும் தொங்குகிறது. வரிசையில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

“விடட்டுமா?” என்கிறார்.

நான் இங்கே பேனாவை மூடுகிறேன். வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவர் நீங்கள்தான். நீங்களே சொல்லுங்கள், பத்துமா?