இன்ஜின் பிரித்த வண்டி

பச்சையம்மாளுக்கு ஒரு கரண்டு கிரைண்டர் வேண்டும். ரமணாசிரமம் பக்கம் மெஸ் நடத்தும் இரண்டு பேர் தினமும் இட்லி மாவு கேட்டிருந்தார்கள். ஆட்டுக்கல்லில் அரைத்துக் கட்டுப்படியாகாது. கிரைண்டர் விலை மூவாயிரம். வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது, செத்துப்போன புருஷனின் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். இரண்டு மழைக்காலமாகச் சாக்குப் போர்த்தி நின்றது.

கொழுந்தன் பரசுராமன் ஆயிரத்தைந்நூறு தருவதாகச் சொன்னான். வீட்டு வண்டி வெளியே போகக் கூடாதாம். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு செங்கம் ரோட்டுக்குக் கிளம்பினாள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக வெளியே வந்து பார்த்தார்கள்.

மெக்கானிக் அஸ்மத் உதைத்துக் கிளப்பியதும் கடையே புகையில் மறைந்தது. இன்ஜினைப் பிரித்து பிஸ்டன் மாற்ற வேண்டும், ஐந்நூறு ஆகும் என்றார். அதில் ஒரு சங்கடமும் இருந்தது. இந்தப் பக்கத்தில் இன்ஜின் பிரித்த வண்டி என்றால் யாரும் தொடமாட்டார்கள். போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் தெரிந்தாலே விலை பாதியாகிவிடும்.

"கெட்டி ஆயில் ஊத்தி பெயிண்ட் அடிச்சிடலாம்மா. நூறு ரூபாதான். ஒரு மாசம் புகையே வராது. எல்லாரும் அப்படித்தான் விக்கிறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வாங்கினவன் பாடு."

பச்சையம்மாள் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்து யோசித்தாள். வாங்குகிறவன் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவான். வழியில் நின்றால் அவள் பேரைச் சொல்லித்தான் திட்டுவான். மாவு விற்க வேண்டியதும் இதே ஊரில்தான். காதுக் கம்மலை அடகு வைத்துவிட்டு வந்து, பிரித்துவிடுங்கள் என்றாள்.

விஷயம் தெரிந்ததும் பரசுராமன் ஆயிரத்து இருநூறுக்கு இறங்கினான். "ஐநூறு செலவு பண்ணி வெலயக் கொறச்ச ஆளு, இந்த ஜில்லாவுலயே எங்க அண்ணிதான்" என்று தெருவெல்லாம் சொன்னான்.

வண்டி கேட்டு வீட்டுக்கு வந்தவர்கள் போல்ட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தைக்கு வந்த கீழ்பென்னாத்தூர் தருமன் வந்தார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை நன்றாக விளைந்து கையில் பணம் இருந்தது. ஜோடிக் காளை வாங்க வந்தவர், ஒரு காளையோடு நிறுத்திக்கொண்டு வண்டி வாங்கலாம் என்று நினைத்திருந்தார். காளையைக் கையில் பிடித்தபடியே வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கைத் தட்டினார். குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தார்.

"பிரிச்சிருக்காம்மா?"

"ஆமாங்க. பிஸ்டன் புதுசு."

"நல்லா இருந்தா ஏன் பிரிக்கிறீங்க?"

"நல்லா இல்ல, அதான் பிரிச்சோம். இப்ப நல்லா இருக்கு."

ஆயிரத்து எண்ணூறு என்றார். பச்சையம்மாள் காளையைப் பார்த்தாள்.

"இத ஏர்ல பூட்டிப் பாக்காமலா வாங்குனீங்க? இந்த வண்டியையும் பூட்டிப் பாருங்க. ஊருக்குக் கொண்டுபோயி மூட்ட ஏத்துங்க. பொக வந்தா கொண்டாந்து விட்டுடுங்க. வரலன்னா மூவாயிரம். ஒரு ரூபா கம்மி இல்ல."

முன்பின் தெரியாத ஆளிடம் வண்டியைக் கொடுப்பதா என்று பரசுராமன் குறுக்கே வந்தான். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. வண்டி திரும்பும்வரை காளை இங்கே நிற்கட்டும் என்றாள். தருமன் தலையைச் சொறிந்தார். பிறகு காளையை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு வண்டியை உதைத்தார்.

அதன் பிறகு ஒரு வாரம் முழுக்க அவள் வைக்கோல் வாங்கிப் போட்டாள். வண்டி போனது போனதுதான் என்றான் பரசுராமன். காளை அவனை ஒருமுறை முட்டவும் வந்தது.

வெள்ளிக்கிழமை வண்டிச் சத்தம் கேட்டது. புகை இல்லை. தருமனுக்குப் பின்னால் அவர் மனைவி ஒரு மல்லாட்டை மூட்டையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தருமன் இரண்டாயிரத்து எழுநூறை நீட்டினார். பாக்கிக்கு மூட்டையை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பச்சையம்மாள் பணத்தை வாங்கவில்லை. மரத்தடிக்குப் போய்க் காளையின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"கிரைண்டர் கடைக்காரரு மல்லாட்ட வாங்க மாட்டாருங்க."

பரசுராமன் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும்படி கண்ணைக் காட்டினான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தருமன் பேச வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி வண்டியிலிருந்து இறங்கினாள்.

"குடுத்துத் தொலைங்க. வர வழியெல்லாம் வண்டி பூ மாதிரி போவுதுன்னு யாரு சொன்னது?"

இடுப்புப் பையிலிருந்து அவளே மீதியை எடுத்துக் கொடுத்தாள். பச்சையம்மாள் எண்ணி முடிக்கும்வரை கயிற்றை விடவில்லை.